‘டிரிங்க் அப்’ என்றால் மேலே குடிப்பதா?



ஆங்கிலம் கற்கப் புகும் நம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பெரிதும் மருளச் செய்பவை நீண்ட சொற்கள் அல்ல. இரண்டு சிறிய சொற்கள் சேர்ந்து புதியதொரு பொருளைத் தரும் தொடர்களே அவை. ஆங்கில இலக்கணத்தார் அவற்றைப் ‘பிரேசல் வெர்ப்’ என்பர். நாம் கூட்டுவினை என்று கொள்வோம். அவற்றுள் குடித்தலைப் பற்றிய ஒன்றினை இவ்வாண்டு மலரில் விளக்க விழைகின்றோம்.

‘டிரிங்க்’ என்றால் குடி. ‘அப்’ என்றால் மேலே. ஆகவே ‘டிரிங்க் அப் யுவர் மில்க்’ என்னும் தொடரை மாணவன் ஒருவன் ‘உன் பாலை மேலே குடி’ என்று மொழிபெயர்த்தான். வகுப்பே சிரித்தது. ஆயினும் அவன்மீது குற்றமில்லை. அகராதியிற் கண்டபடியே எழுதினான். இங்கே ‘அப்’ என்பது உயரத்தைக் குறிக்கவில்லை. ஒரு செயல் மிச்சமின்றி முற்றுப்பெறுவதைக் குறிக்கின்றது. ‘ஈட் அப்’ என்றால் தட்டில் ஒன்றும் வையாமல் உண். ‘யூஸ் அப்’ என்றால் தீரும்வரை பயன்படுத்து. ‘டிரை அப்’ என்றால் முற்றிலும் வற்றிப்போதல். அவ்வாறே ‘டிரிங்க் அப்’ என்றால் குவளையில் உள்ளதை முழுவதும் குடித்து முடி என்பதாம்.

இஃது ஆங்கிலத்திற்கு மட்டும் உரிய விந்தையன்று. ‘கசாயத்தைக் குடித்துப் பார்’ என்று தாய் சொல்கின்றாள். கண்ணாலா பார்க்கச் சொல்கின்றாள்? சோதித்து அறியச் சொல்கின்றாள். ‘குடித்துவிடு’ என்கின்றாள். எதையும் கைவிடச் சொல்லவில்லை, முடித்துவிடச் சொல்கின்றாள். இவ்வாறு முதல் வினையின் பின்னே வந்து, தன் சொந்தப் பொருளை விட்டு, அதற்குத் துணைசெய்யும் வினையைத் துணைவினை என்கிறோம். ஆங்கிலத்தில் ‘அப்’ போன்ற சிறு சொற்கள் செய்யும் வேலையைத் தமிழில் துணைவினைகள் செய்கின்றன. ஆதலால் ‘டிரிங்க் அப்’ என்பதற்கு நேரான தமிழ் ‘குடித்துவிடு’ என்பதே.

சொல் வரிசையிலும் ஒரு விதி உண்டு. ‘டிரிங்க் அப் யுவர் மில்க்’ என்றும் சொல்லலாம்; ‘டிரிங்க் யுவர் மில்க் அப்’ என்றும் சொல்லலாம். ஆனால் பாலுக்குப் பதிலாக ‘இட்’ என்னும் சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்கும். ‘டிரிங்க் இட் அப்’ என்பது சரி. ‘டிரிங்க் அப் இட்’ என்பது பிழை. தேர்வில் பலர் மதிப்பெண் இழக்கும் இடம் இது.

இங்கிலாந்து மதுக்கடைகளில், மூடும் வேளையில், ‘டிரிங்க் அப்’ என்று கூவுவதுண்டு. வாங்கியதைக் குடித்து முடிக்க 1964ஆம் ஆண்டு உரிமச் சட்டம் 10 நிமிடம் அளித்தது. 1988இல் அது 20 நிமிடமாயிற்று.

சிறு சொல் மாறினால் பொருளும் மாறும். ‘டிரிங்க் இன்’ என்றால் ஆர்வத்தோடு கேட்டல், காணுதல். ‘கண்களால் பருகினான்’ என நாமும் சொல்வதுண்டு. ‘டிரிங்க் டு’ என்றால் ஒருவர் நலம்பெறக் குவளையை உயர்த்திக் குடித்தல். ‘டிரிங்க் அவே’ என்றால் பொருளைக் குடித்தே அழித்தல்.

இக்கடைசித் தொடரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன், வேறொரு தோட்டப் பள்ளியில், ‘டிரிங்க் அப்’ என்பதை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னோம். மற்றவர்கள் பால், தண்ணீர், தேநீர் என்றெழுதினர். ஒரு பையன் மட்டும், தன் தந்தை சம்பளத்தை ‘டிரிங்க் அப்’ செய்கிறார் என்று எழுதியிருந்தான். அவ்விடத்தில் ‘டிரிங்க் அவே’ என்பதே பொருந்தும் என்று ஓரத்தில் குறித்தோம். ஆனால் சிவப்பு மையால் அவ்வரியை அடிக்க மனம் வரவில்லை. மொழியில் பிழை இருந்தது. அவன் சொன்ன செய்தியில் பிழையில்லை.

இத்துயரம் ஒரு வீட்டின் துயரம் மட்டுமன்று. அக்காலத்தில் தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்தது. உழைத்துப் பெற்ற கூலி, வீடு சேருமுன் அங்கே கரைந்தது. நம் முன்னோர் இதை வாளாவிருந்து பார்க்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். போருக்குப் பின், நம் புக்கிட் மெர்தாஜாமுக்கு வடக்கே கெடா மாநிலத்தில், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. அப்படையினர் 1947இல் கள்ளுக்கடை மறியல் செய்து காவலரோடு மோதவும் நேர்ந்தது. அவர்கள் கற்றறிந்த பெருமக்கள் அல்லர், பால்வெட்டும் தொழிலாளர்கள். ‘டிரிங்க் அவே’ என்னும் சொல்லை அறியாதிருந்தும் அதன் பொருளை நன்குணர்ந்தவர்கள்.

இன்று இவ்வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. 21 வயது நிரம்பாதவர்க்கு மது விற்றலாகாது என்னும் விதியும் 2017 டிசம்பர் முதல் நடப்பிலுள்ளது. ஆயினும் சட்டம் கடையின் வாயிலில் நிற்கும், வீட்டிற்குள் வராது. வீட்டைக் காப்பது பெற்றோர் கடன். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்றே 93ஆம் அதிகாரத்தை வகுத்தார் என்பதையும் நினைவுகூர்க.

மாணவர்களே! இக்கட்டுரையை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். பின்னர் ‘டிரிங்க் அப்’ என்னும் தொடரை வைத்து மூன்று வாக்கியங்கள் எழுதி வாருங்கள். பாலும் தண்ணீரும் தேநீருமே அவற்றில் இடம்பெற வேண்டும் என்பது நம் விருப்பம். அவ்விருப்பம் நிறைவேறுவது உங்கள் கையில் மட்டுமன்று. உங்கள் தந்தையர் கையிலும் இருக்கின்றது.