வாடகைக்கு விடும் வீடு

ஓய்வு பெறும் நாளில் மொத்தமாகக் கைக்கு வரும் பணத்தை என்ன செய்வது என்பது நடுத்தரக் குடும்பத்தாரை வாட்டும் வினா. சென்ற மாதம் நண்பர் ஒருவர் இவ்வினாவுடன் என் இல்லத்துக்கு வந்தார். "ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் உட்கார்ந்த இடத்தில் வருமானம் வருமே! நீர் அனுபவப்பட்டவர், சொல்லும்" என்றார். அவருக்குக் கூறியதையே நேயர்களுக்கும் கூறுகிறேன்.

சென்னைப் புறநகரில் 80 லட்சம் ரூபாய் விலையுள்ள வீடு மாதம் 20,000 ரூபாய் வாடகை தருவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். அஃதாவது நூற்றுக்கு மூன்று. நம் பெருநகரங்களில் பெரும்பாலும் இதுவே நிலை. சொத்து வரி, வெள்ளையடிப்பு, குழாய்ப் பழுது, குடிவாராமல் பூட்டிக் கிடக்கும் மாதம் ஆகியவற்றைக் கழித்தால் நூற்றுக்கு இரண்டரை தேறினால் மிகுதி. அதே பணத்தை வங்கியில் இட்டால், வட்டி நூற்றுக்கு ஆறு என்று வைத்துக்கொண்டாலும் 4,80,000 ரூபாய் கிடைக்கும். அன்றியும், தமிழ்நாட்டில் ஒருவரிடமிருந்து வீட்டைக் கிரயம் பெறுங்கால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் நூற்றுக்கு ஒன்பது. 80 லட்சத்துக்கு இது 7,20,000 ரூபாய். மூன்றாண்டு வாடகை, பத்திரம் பதியும் அன்றே போய்விடுகிறது!

அங்ஙனமாயின் வீடு வாங்குவோர் கணக்கறியாதவரா? அல்லர். வங்கியில் இட்ட முதல் எண்ணிக்கையில் அப்படியே நிற்கும். விலைவாசி ஏற ஏற அதன் மதிப்புத் தேயும். வீட்டின் விலையும் வாடகையுமோ காலப்போக்கில் உயரக்கூடும். ஆனால் உயர்வது பெரும்பாலும் மண்ணின் விலையே; கட்டடம் ஆண்டுதோறும் பழமையடைகிறது. ஆதலின் அடுக்குமாடி வீடு வாங்குவோர், தமக்குரிய பிரிபடாத மனைப் பங்கு எத்துணைச் சதுர அடி என்பதை முதற்கண் பார்த்தல் வேண்டும். வாடகைக்கு விடுங்கால் ஒப்பந்தத்தை எழுத்தில் வரைந்து பதிவு செய்தலும் வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் அதனையே விதிக்கிறது. இருவருக்கும் அது காப்பு.

இனி, என் அனுபவம். பல ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு உடனே அறுவைச் சிகிச்சை செய்தல் வேண்டும் என்றனர் மருத்துவர். என் சேமிப்பு முழுவதும் வாடகை வீட்டில் இருந்தது. குடியிருந்தவர் நல்லவர், வாடகை ஒருநாளும் தவறியதில்லை. ஆயினும் ஒரு வாரத்துக்குள் பணம் வேண்டுமே! வீட்டில் ஓர் அறையை மட்டும் விற்றுக் காசாக்க இயலுமோ? ஊரார் சொத்துக்காரன் என்று மதித்த நான், மனைவியின் வளையல்களை அடகுக் கடைக்கு எடுத்துச் சென்றேன். அவள் நலம் பெற்றாள். நான் பாடம் பெற்றேன்.

அன்றாடச் செலவுக்கும் நோய் நொடிக்கும் ஒதுக்கிய பின்னரும் பணம் மிகுந்தவர், பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வல்லவர், தாராளமாக வாங்கலாம். நூற்றுக்கு எட்டு வட்டிக்குக் கடன்பட்டு, நூற்றுக்கு மூன்று வாடகை பெற எண்ணுவோர் இருமுறை சிந்திக்க வேண்டும். முதுமைக்கென உள்ள ஒரே சேமிப்பைச் சுவருக்குள் புதைத்தல் தகாது.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என்னிடம் உள்ளது இது ஒன்றுதான்" என்றார்.

"அப்படியாயின் விடையை நீரே சொல்லிவிட்டீர்" என்றேன்.