கரை மட்டும்தான் அவர்களுக்குச் சொந்தம்

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ ஹாம்ப்ஷியர் மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. 10 ஏக்கர் அல்லது அதற்கு மேல் பரப்புள்ள இயற்கைக் குளம் எதுவாக இருந்தாலும் அது பொதுச் சொத்து. மக்கள் சார்பில் மாநில அரசு அதைப் பொறுப்பில் வைத்திருக்கிறது. கரையில் எத்தனை ஏக்கர் நிலம் வாங்கினாலும் தண்ணீரை யாரும் வாங்க முடியாது.

கடந்த ஜூலையில் நாங்கள் நான்கு இரவுகள் தங்கிய முகாம் அப்படிப்பட்ட ஒரு குளத்தின் ஓரத்தில்தான் இருந்தது. கரையும் அதை ஒட்டிய காடும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். குளம் அவர்களுடையது அல்ல. ஆனால் அந்தத் தண்ணீர் கெட்டுப்போனால் முதலில் பிழைப்பை இழக்கப்போவது அந்தக் குடும்பம்தான்.

அக்காளும் அத்தானும் பாஸ்டன் பக்கம் வேலை செய்கிறார்கள். கிள்ளானிலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு நான் போயிருந்தேன். ஹோட்டல் வேண்டாம், காட்டுக்குள் தங்குவோம் என்பது அத்தானின் யோசனை. 25 அடி நீள ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்தார். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே கொண்ட வாகனத்தைத்தான் அங்கே ஆர்.வி. என்கிறார்கள். சமைக்கிற இடத்துக்கு நாலடி தள்ளிக் கழிப்பறையா என்று அம்மா முகம் சுளித்தார். 74 வயதில் அவருக்கு இதுதான் முதல் முகாம்.

முகாமின் பெயர்ப்பலகையில் ‘பாண்ட்’ என்றுதான் போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் எதிர்க்கரையில் நிற்கும் ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வட்டாரத்தில் பாண்டுக்கும் லேக்குக்கும் தெளிவான எல்லை கிடையாது. பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸில், எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845 முதல் 1847 வரை குடிசை போட்டு வாழ்ந்த வால்டன் பாண்ட் சுமார் 100 அடி ஆழம். பனியுகத்தின் முடிவில் பின்வாங்கிய பனிப்பாறைகள் விட்டுப்போன பள்ளங்களே இத்தகைய குளங்களில் பலவும். பேராக்கில் வளர்ந்த அம்மாவுக்குத் தண்ணீர் நிறைந்த பெரிய பள்ளம் என்றால் ஈயக் குட்டைதான். “இங்கேயும் ஈயம் தோண்டினாங்களா?” என்று கேட்டார். “இல்லத்தே, பனி தோண்டினது” என்றார் அத்தான்.

முகாம் அலுவலகம் என்பது அந்தக் குடும்பத்தின் வீட்டு முன்னறை. உரிமையாளர் அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இடத்தின் வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டிவிட்டு, இரண்டு பக்க விதிமுறையைக் கையில் கொடுத்தார். வெளியிலிருந்து விறகு கொண்டுவரக் கூடாது. குளத்தில் சோப்பு போடக் கூடாது. ஈயக் குண்டு கட்டித் தூண்டில் போடக் கூடாது. இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. சாப்பாட்டை வெளியே வைத்துவிட்டுத் தூங்கக் கூடாது, கரடி வரும். படித்துக்கொண்டே வந்த அக்காள், இது முகாமா போர்டிங் ஸ்கூலா என்று முணுமுணுத்தார். எனக்கும் முதல் நாள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு ‘கூடாது’க்கும் பின்னால் ஒரு கதை இருந்தது.

விறகை எடுத்துக்கொள்ளுங்கள். மரகதப் பச்சையாக மின்னும் ஒரு சிறு வண்டு. ‘எமரால்டு ஆஷ் போரர்’ என்று பெயர். ஆசியாவிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 2002இல் மிச்சிகனில் முதலில் கண்டுபிடித்தார்கள். அதன் புழு ஆஷ் மரப் பட்டைக்கு அடியில் குடைந்து, மரத்துக்குள் சத்து ஓடும் வழியை அறுத்துவிடும். சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். அந்த வண்டு தானாகப் பறக்கும் தூரம் கொஞ்சம்தான். விறகுக் கட்டுக்குள் ஒளிந்துகொண்டு முகாமுக்குப் போகும் குடும்பத்தோடு காரில் பயணம் செய்தால் ஒரே நாளில் மாநிலம் தாண்டிவிடும். 2013இல் நியூ ஹாம்ப்ஷியருக்கும் வந்து சேர்ந்தது. வெப்பத்தில் பதப்படுத்தப்படாத வெளிமாநில விறகுக்கு அங்கே தடை இருக்கிறது. அதனால் முகாமிலேயே வெட்டிய விறகைக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். வியாபாரத் தந்திரம் என்று நினைத்தால், எங்கள் இடத்துக்குப் பின்னால் நின்ற ஆஷ் மரங்களைப் பார்த்தால் போதும்; மூன்றில் ஒன்று மொட்டையாக இருந்தது.

அடுத்தது கழிவு. இதைப் பயணக் கட்டுரைகளில் யாரும் எழுதுவதில்லை, ஆனால் ஆர்.வி. வாழ்க்கையில் பாதி இதுதான். வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள்: ஒன்று நல்ல தண்ணீருக்கு, ஒன்று பாத்திரம் கழுவிக் குளித்த தண்ணீருக்கு, ஒன்று கழிப்பறைக்கு. குளத்தோர இடங்களில் குடிநீரும் மின்சாரமும் மட்டும்தான் கொடுக்கிறார்கள். தொட்டி நிரம்பினால் வண்டியை மேட்டுக்கு ஓட்டிப்போய்க் குழாய் மாட்டிக் கொட்ட வேண்டும். காட்டுக்குள் நகராட்சிக் கழிவுக் குழாய் ஏது? எல்லாம் செப்டிக் தொட்டிக்குப் போய், அங்கே பாக்டீரியா செரித்த பிறகு மண்ணுக்குள் கசிகிறது. ஃபார்மால்டிஹைடு கலந்த கழிப்பறை மருந்தைப் போட்டால் அந்தப் பாக்டீரியா செத்துவிடும். பிறகு செரிக்காத கழிவு மண்ணில் இறங்கும். மண்ணுக்கு அப்பால் குளம். அதனால் வந்து இறங்குகிற ஒவ்வொரு வண்டியிடமும் உரிமையாளரின் மகன் முதலில் கேட்பது, என்ன மருந்து வைத்திருக்கிறீர்கள் என்பதுதான். தவறான மருந்து என்றால் வாங்கி வைத்துக்கொண்டு வேறு மருந்து இலவசமாகத் தருகிறார்.

சோப்புக்கும் இதே கணக்குதான். இயற்கை சோப்பு என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் விடமாட்டார்கள். சோப்பும் கழிவும் குளத்துக்குள் போனால் பாசிக்குத் தீனி. பாஸ்பரஸ் கொஞ்சம் கூடினாலே நீலப்பச்சைப் பாசி பொங்கிவிடும். அதில் சில வகை நஞ்சு. அப்படிப் பொங்கினால் குளிக்க வேண்டாம் என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறை எச்சரிக்கை விடும். ஜூலையில் இரண்டு வாரம் எச்சரிக்கைப் பலகை நின்றால் அந்த ஆண்டு வருமானமே போச்சு. முகாம் திறந்திருப்பது மே நடுவிலிருந்து அக்டோபர் இரண்டாம் வாரம் வரைதான். அதற்குப் பிறகு குழாய்த் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் பூட்டுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விதி ஈயக் குண்டைப் பற்றியது. அந்தக் குளத்தில் ஒரு ஜோடி லூன் பறவைகள் இருந்தன. கறுப்பு வெள்ளைச் சட்டை, இரத்தச் சிவப்புக் கண். குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். கால்கள் உடலின் பின்கோடியில் இருப்பதால் தரையில் நடக்கத் திணறும். தண்ணீருக்குள் போனால் மீன் தப்பாது. கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் இருப்பது இந்தப் பறவைதான். உணவை அரைப்பதற்காக இது குளத்தடியில் கிடக்கும் சிறு கற்களை விழுங்கும். கல்லோடு கல்லாகத் தூண்டிலின் காரீயக் குண்டும் உள்ளே போய்விடும். ஒரே ஒரு குண்டு போதும், பறவை செத்துவிடும். 2016 முதல் ஒரு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 28 கிராம் வரை எடையுள்ள ஈயத் தூண்டில் குண்டுகளுக்கு மாநிலமே தடை போட்டிருக்கிறது.

அந்த மகன் அலுவலக வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார். காரீயக் குண்டைப் போட்டுவிட்டு மாற்றுக் குண்டை எடுத்துக்கொள்ளலாம். அம்மா ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். “இது நம்ம வெள்ளீயம்” என்றார். வெள்ளீயமேதான். ஈயக் குட்டையோரம் வளர்ந்தவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மற்றபடி நாள்கள் சுலபமாகப் போயின. எங்கள் இடத்துக்கு 30 ஆம்பியர் மின்சாரம். 120 வோல்ட்டுக்குக் கணக்குப் பார்த்தால் 3,600 வாட். ஏசி, கெட்டில், ரைஸ் குக்கர் மூன்றும் சேர்ந்தால் தாங்காது; சோறு வேகும்வரை ஏசி கிடையாது. பைன் மரங்களின் ஊசி இலைகள் இடம் முழுக்கக் கொட்டிக் கிடக்க, அம்மா ஒரு துடைப்பம் கேட்டு வாங்கித் தினமும் வாசல் பெருக்கினார். முகாமில் பாதி இடங்களைக் கோடை முழுவதற்கும் எடுத்துக்கொண்டவர்கள்தாம் இருந்தார்கள். பக்கத்து இடத்தில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரும் மனைவியும். அதே மரத்தடியில் அவர்களுக்கு அது 27ஆவது கோடை. அம்மா பருப்பு வடை கொடுத்தார், அவர்கள் தக்காளி கொடுத்தார்கள். இரவு எட்டரைக்கு மேல்தான் இருட்டும். இருட்டியதும் லூன் கூப்பிடும். ஒப்பாரிக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒரு குரல். முதல் இரவு அக்காள் கதவைத் தாழிட்டார்.

மூன்றாம் இரவு உரிமையாளர் அம்மாள் எங்கள் நெருப்பருகே வந்து உட்கார்ந்தார். முகாமை விலைக்குக் கேட்டுக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றனவாம். நூற்றுக்கணக்கான முகாம்களை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் அங்கே உண்டு. சில பங்குச் சந்தையிலும் இருக்கின்றன. நீர்க்கரை நிலத்துக்கு நல்ல விலை. கணவருக்கு முட்டிவலி. ஓய்வூதியம் என்று தனியாக எதுவும் இல்லை, இந்த நிலம்தான். மகனுக்கு நடத்த ஆசை. மகள் வெளியூரில்; அவருக்கும் பங்கு உண்டு. மகன் தங்கைக்குரிய பங்கைப் பணமாகக் கொடுக்க வேண்டுமானால் முகாம் பத்து ஆண்டு சம்பாதிப்பதைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அம்மா பாதி புரிந்தும் புரியாமலும் கேட்டுவிட்டு, பெரியப்பா வீட்டுத் தோட்டம் கைமாறிய கதையைச் சொன்னார். அக்காள் மொழிபெயர்த்தார்.

நிறுவனம் வாங்கினால் எல்லாம் பாழாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். செப்டிக் அமைப்பைப் புதிதாகப் போடப் பெரும் பணம் வேண்டும். அதை இந்தக் குடும்பம் இரண்டு முறை தள்ளிப்போட்டிருக்கிறது. நிறுவனத்திடம் பணம் இருக்கும். ஆனால் ஒவ்வொரு வண்டியிடமும் நின்று மருந்து டப்பாவை வாங்கிப் படிக்கும் ஆள் இருப்பாரா என்பது வேறு கேள்வி. குளம் பொதுச் சொத்து என்று சட்டம் சொல்கிறது. மேட்டிலிருந்து என்ன இறங்குகிறது என்று தினமும் பார்ப்பது இப்போதைக்கு அந்த மகன்தான்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூனில் கறுப்பு ஈயும் கொசுவும் கடிக்கும், ஜூலை கடைசியிலிருந்து பரவாயில்லை. உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும் என்பதால் நீளக் காற்சட்டை அணியுங்கள், இரவில் உடம்பைச் சோதித்துவிட்டுப் படுங்கள். நாங்கள் ஓர் இரவுக்கு 62 டாலர் கொடுத்தோம். வண்டி வாடகை தனி. குளத்தோர இடம் வேண்டுமானால் ஜனவரியிலேயே கேட்க வேண்டும்.

இந்த ஜனவரியில் அக்காள் கூப்பிட்டார். மகன்தான் தொலைபேசியை எடுத்தார். அதே இடம் கிடைத்துவிட்டது. பேருந்து ஓட்டுநரும் 28ஆவது கோடைக்குப் பணம் கட்டிவிட்டாராம். அதற்கு அடுத்த ஆண்டுக்கு யாரிடமும் இன்னும் முன்பணம் வாங்கவில்லை என்றார்.