தியாகராஜர் கிருதிக்கு உரிமை கேட்கும் இயந்திரம்

மார்கழி நெருங்குகிறது. கச்சேரியை யூடியூபில் ஏற்றப்போகிறவர்களின் கடிதங்களில் ஒரே கேள்வி: 1847-ல் மறைந்த தியாகராஜரின் கிருதியை என் மகள் பாடினால், ஏதோ ஓர் இசைத்தட்டு நிறுவனம் எப்படி உரிமை கோருகிறது?

சட்டப்படி கோர முடியாது. கிருதியின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஒரு வித்வான் அதைப் பாடி வெளியான ஒலிப்பதிவுக்குத்தான் தனியாக 60 ஆண்டு உரிமை. நிறுவனத்தின் கையில் இருப்பது அது மட்டுமே.

யூடியூபின் ‘கன்டென்ட் ஐடி’ இயந்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மெட்டு ஒத்துப்போனாலே பிடித்துவிடும். ஒரே கிருதி, ஒரே பாடாந்தரம், அதே சங்கதிகள் என்றால் கேட்கவே வேண்டாம். எந்த நிமிடத்திலிருந்து எதுவரை என்று கோரலில் குறித்திருக்கும். பார்த்தால் பல்லவி எடுத்த இடமாக இருக்கும். முன்னால் பாடிய ஆலாபனையும் பின்னால் வந்த கல்பனாஸ்வரமும் பெரும்பாலும் தப்பிவிடும். அன்று மேடையில் பிறந்ததை எந்தப் பதிவோடு ஒப்பிடுவது?

ஆட்சேபித்தால் அதை முதலில் விசாரிப்பது யார் என்பதுதான் வேடிக்கை. உரிமை கோரிய அதே நிறுவனம்! அதற்கு 30 நாள் அவகாசம். நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம்; அதுவும் அவர்களிடமே போகும், 7 நாள். அப்போதும் இறங்கிவராவிட்டால் வீடியோவையே நீக்கச் சொல்வார்கள். உங்கள் சேனலில் ஒரு ‘ஸ்ட்ரைக்’ விழும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போகலாம். பாட்டு கற்கும் பெண்ணின் அப்பா இவ்வளவு தூரம் போவாரா?

நூற்றுக்கு ஒரு கோரல்கூட ஆட்சேபிக்கப்படுவதில்லை என்று யூடியூப் தன் அறிக்கையில் பெருமையோடு சொல்கிறது. 2021-ன் முதல் ஆறு மாதங்களில் 72 கோடிக்கு மேல் கோரல்கள், ஆட்சேபங்கள் சுமார் 37 லட்சம். அவற்றில் 60 சதவீதம் ஏற்றியவர் பக்கமே தீர்ந்தன என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. பயந்து பேசாமல் இருந்தவர்களையெல்லாம் சம்மதித்தவர்களாக எழுதிக்கொள்வது நல்ல கணக்கு!

சேனலில் விளம்பர வருமானம் வருகிறதா? கோரல் வந்த 5 நாளுக்குள் ஆட்சேபியுங்கள். முதல் நாளிலிருந்து வரும் பணம் தீர்வு வரும்வரை நிறுத்திவைக்கப்படும். தாமதித்தால் அதுவரை சேர்ந்தது அவர்களுக்கு.

மற்ற கேள்விகள்:

பாபநாசம் சிவன் பாடல்? அவர் மறைந்தது 1973-ல். 2033 முடியும்வரை உரிமை உண்டு, அனுமதி வாங்குங்கள்.

சினிமாப் பாட்டை ஆலாபனையோடு மாற்றிப் பாடினால்? மெட்டு அடையாளம் தெரிகிறவரை அனுமதி தேவை.

சபா பதிவு செய்த கச்சேரி? பாடியவர் மட்டுமல்ல, பக்கவாத்தியக்காரர்களும் சம்மதிக்க வேண்டும்.

ரசிகர் கைபேசியில் பிடித்தது? வீட்டில் கேட்கலாம், ஏற்றக்கூடாது.