மூடுபனி ஊரில் புட்டி பூசுமுன்

ரிவர்ஸ்டன் பக்கத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளும் வரும். அங்கே முதன்முறையாக அறைச் சுவருக்கு நானே புட்டி பூசினேன். இரண்டே மாதத்தில் அது செதில் செதிலாக உதிர்ந்தது. வாங்கிய புட்டியும் பட்ட பாடும் வீண்.

பிழை புட்டியில் இல்லை, சுவருக்குள் இருந்த ஈரத்தில். ஈரம் வெளியேறும்போது உப்பையும் கொண்டுவரும். நீர் ஆவியானதும் உப்பு படிகமாகிப் பூச்சை உள்ளிருந்து தள்ளும்.

இரண்டாம் முறை கூரை ஒழுக்கையும் வெளிச்சுவர் வெடிப்பையும் முதலில் அடைத்தேன். பொலித்தீன் துண்டொன்றின் நான்கு ஓரங்களையும் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டேன். சுவரை ஒட்டிய பக்கம் நீர் துளித்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். துளியே இல்லாத நாள்வரை காத்திருந்து, பழையதைச் சுரண்டித் தூசி துடைத்தேன்.

ஜிப்சம் ஈரத்தில் இளகும் என்பதால் வெள்ளைச் சீமெந்துப் புட்டியை எடுத்தேன். பூசுமுன் சுவரின் மேற்பரப்பை மட்டும் இலேசாக நனைத்தேன். இல்லாவிட்டால் காய்ந்த சுவர் புட்டியின் நீரை உறிஞ்சிவிடும், சீமெந்து சரியாக இறுகாது. ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேற்படாமல் இரண்டு பூச்சு. முதலாவது காய்ந்த பிறகே அடுத்தது. உரசும்போது முகக்கவசம் கட்டாயம்.

உங்கள் வீட்டிலும் புட்டிக்கு முன் ஒழுக்கைத் தேடுங்கள்.