பிரியாணியில் மணக்கும் கல்பாசி

பிரியாணிக்குப் பட்டை, கிராம்புடன் கருஞ்சருகு போன்ற கல்பாசியைத் தாளிக்கிறீர்களே, அது என்னவென்று எண்ணியதுண்டா? பெயரில் கல் இருப்பினும் மலைக்காட்டு மரங்களிலும் அது படர்கிறது. கழுவும்போது பாருங்கள், மரப்பட்டைத் துணுக்குகள் ஒட்டியிருக்கும்.

அது தனிச் செடியன்று. பூஞ்சையும் பாசியும் ஓருடலாய் வாழும் லைக்கன். பாசி சூரிய ஒளியில் உணவு சமைக்க, பூஞ்சை உறைவிடமும் ஈரமும் தருகிறது. மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. ஒட்டுண்ணி என்பது வீண்பழி!

வேரில்லாமையால் மழையும் காற்றும் கொணர்வதே அதற்கு உணவு; நஞ்சு வந்தாலும் விலக்க இயலாது. கந்தகப் புகை பட்டால் பாசி வெளிறி மடியும். 1866இல் பாரிஸின் லக்ஸம்பர்க் பூங்காவை ஆராய்ந்த நைலாண்டர் என்னும் அறிஞர், காற்றின் தூய்மையைக் காட்டும் அளவுகோலாகவே லைக்கன்களைக் கண்டார். சிவகாசிப் பட்டாசிலும் தீக்குச்சியிலும் கந்தகம் உண்டல்லவா? சூலக்கரைப் பக்கத்துப் புளியமரங்களில் சாம்பல்நிறத் திட்டுகள் உள்ளனவா என்று பிள்ளைகளைப் பார்த்துவரச் சொல்லுங்கள். ஆனால் சுரண்ட வேண்டாம்.

பல லைக்கன்களின் வளர்ச்சி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே. மலையில் பட்டையோடு உரித்தெடுத்தால் அவ்விடம் மீண்டும் மூடப் பல்லாண்டுகள் செல்லும். தாளிப்புக்கு ஒரு சிட்டிகையே போதும்; கூடினால் கசக்கவும் செய்யும்.