உங்களுக்குத் தெரியுமா? பனியனுக்குள் சர்க்கரை!

திருப்பூர் பனியன் துணியின் பருத்தி இழை பெரும்பாலும் செல்லுலோஸ். அதாவது, ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி.

● ‘பயோ வாஷ்’ செய்யும்போது, டிரைக்கோடெர்மா போன்ற பூஞ்சைகள் தரும் செல்லுலேஸ் நொதி, துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளை அரிக்கிறது. அதில் ஒரு பகுதி, இரண்டே குளுக்கோஸ் இணைந்த செல்லோபயோஸ் முதலிய குறுஞ்சங்கிலிச் சர்க்கரைகளாகத் தண்ணீரில் கரைகிறது. துணி வழவழப்பாகிறது, உருண்டை கட்டுவதும் குறைகிறது.

● அமில வகை நொதிக்குச் சுமார் 50 டிகிரி செல்சியஸ் போதும். பதம் வந்ததும் 80 டிகிரிக்குச் சூடேற்றி அதை நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் துணியே நலிந்துவிடும்.

● இட்லியின் ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் சங்கிலிதான். பிணைப்பு மட்டும் வேறு. அதனால்தான் இட்லி நமக்குச் செரிக்கிறது, பருத்தி செரிப்பதில்லை!