சிரட்டையின் விலை
ஊரும் சட்டமும் – 17

காலபோக அறுவடை முடிந்த கையோடு செட்டிகுளம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் பாதி வீதி நெல்லுக்குச் சொந்தம். மதவாச்சியிலிருந்து மன்னாருக்குப் போகும் ஏ14 வீதியானாலும் சரி, வவுனியாவிலிருந்து பறயனாலங்குளத்துக்கு வரும் ஏ30 வீதியானாலும் சரி, ஓரமெல்லாம் பொன்னிறமாய்க் காயும். ஈர நெல்லைக் கொண்டுபோனால் வியாபாரி விலையைக் குறைப்பான். களம் கட்டக் காசில்லாத கமக்காரனுக்குச் சூடேறிய தார் வீதிதான் களம். போர் முடிந்தபின் வீதிகள் காப்பெட் ஆகின. நெல் காய்வது சுலபமானது. வாகனங்களின் வேகமும் கூடியது.

ஒரு கமக்காரர் அங்கே காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பது. மூன்று ஏக்கர் வயல், நான்கு மாடு. பின்னால் வந்த பட்டா ரக வாகனம், எதிரே வந்த பஸ்ஸுக்கு விலகுகிறேன் என்று ஓரத்துக்கு வந்து இவரைத் தட்டிவிடுகிறது. உயிருக்கு ஆபத்தில்லை. தலையில் காயமில்லை. முழங்காற்சிரட்டை மட்டும் இரண்டாகிவிட்டது. இந்த ஒருவரை வைத்துத்தான் இந்த வாரம் பேசப்போகிறேன். இவர் கற்பனை ஆள். ஆனால் இவருக்கு நடக்கப்போகும் எதுவும் கற்பனையில்லை.

சிரட்டை சின்ன எலும்பு. உள்ளங்கைக்குள் அடங்கும். அதன் வேலை பெரிது. தொடையின் முன்பக்கத் தசை கீழ்க்காலை நீட்டுவது சிரட்டையின் வழியாகத்தான். அது குறுக்கே உடைந்தால் தசை மேல்துண்டை மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். படுத்தபடி காலை நேராகத் தூக்கச் சொன்னால் தூக்க வராது. துண்டுகள் விலகாவிட்டால் நான்கு முதல் ஆறு கிழமை காலை நீட்டிக் கட்டிவைத்தால் போதும். விலகினால் சத்திரசிகிச்சை, கம்பி குத்தி, எட்டு வடிவில் இன்னொரு கம்பி சுற்றி இழுத்துக் கட்டுவார்கள். எலும்பு பொருந்திவிடும். முழங்கால் பழையபடி முழுவதும் மடங்குமா என்பது வேறு கேள்வி. சிரட்டையின் உட்புறக் குருத்தெலும்பு கரடாகிப்போனால் வருடங்கள் கழித்து மூட்டுத் தேய்வும் வரலாம்.

மேசையில் இருந்து வேலை செய்பவருக்கு இது ஒரு தொல்லை. வன்னிக் கமக்காரருக்கு இது தொழில். களை பிடுங்கக் குந்த வேண்டும். பால் கறக்கக் குந்த வேண்டும். சேற்றுக்குள் லான்ட் மாஸ்டரைப் பிடித்து நடக்க இரண்டு முழங்காலும் ஒத்துழைக்க வேண்டும். மடு மாதா முன்னால் முழந்தாளிடவும் பள்ளிவாசலில் சுஜூது செய்யவும் அந்த மடிப்புத்தான் வேண்டும். இதையெல்லாம் எப்படிப் பணமாக்குவது?

அதற்கான சட்டம் நம்முடையதல்ல. காணி, முதுசம், சீதனம் என்றால் வடக்குத் தமிழருக்குத் தேசவழமை இருக்கிறது. கால் உடைந்தால் அது பேசாது. அங்கே ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டம் வருகிறது. ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அதை அப்படியே இருக்க விட்டார்கள். கவனயீனத்தால் இன்னொருவருக்கு நட்டம் விளைவித்தவர் ஈடு செய்ய வேண்டும் என்ற அதன் வேர், கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் இயற்றப்பட்ட அக்குவிலியச் சட்டம் வரை போகிறது. அந்தச் சட்டம் முதலில் பேசியது அடிமைகளையும் ஆடுமாடுகளையும் கொன்றவர் உடையவனுக்குக் கொடுக்க வேண்டிய விலையைப் பற்றி. சுதந்திர மனிதனின் உடம்புக்கு விலை கிடையாது என்பது ரோமரின் பெருமை. பிந்திய ஒல்லாந்து சட்டவாளர்கள்தான் வலிக்கும் வேதனைக்கும் தனியாகக் காசு கேட்கலாம் என்று வழி திறந்தார்கள். ஆகவே நம் கமக்காரர் இரண்டு வகையாகக் கேட்கலாம்: கையை விட்டுப்போன காசும் இனி வராமல் போகும் காசும் ஒன்று, பட்ட வேதனைக்கான தொகை மற்றது.

சட்டப் புத்தகம் அப்படிச் சொல்லும். வாட்டில் நடப்பது வேறு. மூன்றாம் நாள் வாகனக்காரரின் ஆள் ஒருவர் அப்பிள், தோடம்பழப் பையோடு வருவார்.

“அண்ணை, பொலிசு, கோடு எண்டு போனா இழுபடும். ஆசுபத்திரிச் செலவு, வான் காசு எல்லாம் நாங்கள் பாக்கிறம். இதிலை ஒரு கையெழுத்து மட்டும் வையுங்கோ.”

அருகில் இருக்கும் மனைவி கெட்டிக்காரியாக இருந்தால், “தம்பி, அவர் முதல்ல எழும்பி நடக்கட்டும், பிறகு பாப்பம்” என்பார். பெரும்பாலான நேரம் அப்படி நடப்பதில்லை. ஊர்ப் பழக்கம், தெரிந்த ஆள், போதாக்குறைக்கு வந்தவர் கண்ணில் கண்ணீர். சமாதானமாகப் போவதை நான் குறை சொல்லமாட்டேன். பல வழக்குகள் அதில் நல்லபடியாக முடிந்திருக்கின்றன. ஆனால் முழங்கால் எவ்வளவு மடங்கும் என்று டாக்குத்தருக்கே தெரியாத நேரத்தில் ‘முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு’ என்று எழுதிய கடதாசியில் கையெழுத்து வைப்பது சமாதானமல்ல, விற்பனை. அதுவும் என்ன விற்கிறோம் என்று தெரியாத விற்பனை.

இனிப் பொலிஸ். எலும்பு முறிவு எதுவானாலும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவின்படி பாரதூரமான காயம். கவனயீனத்தால் அதை விளைவித்தால் 329ஆம் பிரிவு. முறைப்பாடு பதிந்ததும் பொலிசார் தரும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தை வைத்தியர் நிரப்புவார். சாரதி நீதவான் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டுப் போவார். தண்டம் அரசாங்கத்துக்கு. சிரட்டை உடைந்தவருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. வழக்கு முடிந்தது என்று நினைத்துப் பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு விடயம் அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஒன்று, 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி நீதவானே பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி கட்டளையிடலாம். அதைக் கேட்க அன்று யாராவது நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். மற்றது, அங்கே என்ன நடந்தாலும் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு என்ற கதவு தனியாக இருக்கிறது. குறித்த தொகைக்குக் குறைந்த கோரிக்கையென்றால் அதற்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போய், தீரவில்லை என்ற சான்றிதழோடு வர வேண்டியிருக்கும்.

இந்தியாவில் இதற்கென்றே மோட்டார் விபத்து நட்டஈட்டுத் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. நமக்கு அப்படியொன்று இல்லை. காணி வழக்குகள் முட்டிக்கிடக்கும் அதே மாவட்ட நீதிமன்றத்தில்தான் முழங்காலும் வரிசையில் நிற்க வேண்டும்.

அங்கே போனதும் கேட்கப்படும் கேள்வி: மாதம் எவ்வளவு உழைத்தீர்கள்? இங்கேதான் கமக்காரர் தோற்பது. எழுதுவினைஞருக்குச் சம்பளத் துண்டு இருக்கிறது. கால் உடைந்தாலும் அவர் கதிரையில் இருந்து அதே வேலையைச் செய்வார். இழந்தது குறைவு, காட்டக் கடதாசி நிறைய. கமக்காரர் இழந்தது நிறைய, காட்ட ஒன்றுமில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பில் இந்த முடிச்சின் ஒரு பாதியை அவிழ்த்தது. உறுப்பு எத்தனை வீதம் பழுதானது என்பதும் உழைப்பு எத்தனை வீதம் போனது என்பதும் ஒன்றல்ல என்றது. இடது கையை இழந்த தச்சருக்கோ சாரதிக்கோ தொழில் முழுவதும் போகலாம். அதே கையை இழந்த எழுதுவினைஞர் வேலையில் தொடரலாம். அந்தத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நல்ல சட்டத்தரணி அதன் நியாயத்தைச் சொல்லிக் காட்டலாம்.

மற்றப் பாதி, அதாவது கடதாசி, நம் கையில். கமக்காரரிடம் கடதாசி இல்லை என்பது உண்மையில் பொய். அவை சிதறிக் கிடக்கின்றன. கமநல சேவை நிலையத்தில் எத்தனை ஏக்கருக்கு உர மானியம் வாங்கினார் என்ற பதிவு இருக்கும். பால் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுத்த லீற்றர்க் கணக்கு ஒரு சின்னக் கொப்பியில் இருக்கும். நெல் விற்ற பற்றுச்சீட்டு, வங்கியில் எடுத்த பயிர்க்கடன், கிராம அலுவலரின் உறுதிக்கடிதம். விபத்துக்குப் பின் வந்த சிறுபோகத்தில் வயலைக் குத்தகைக்கு விட்டிருந்தால், கூலிக்கு ஆள் பிடித்திருந்தால், அதற்கு எழுதிய துண்டு. ஒவ்வொன்றும் சின்னது. சேர்த்தால் ஒரு வருமானம் தெரியும்.

நம் இலவச வைத்தியமும் இதில் ஒரு சங்கடம். செட்டிகுளம் வைத்தியசாலையிலோ வவுனியாப் பொது வைத்தியசாலையிலோ சத்திரசிகிச்சைக்குப் பற்றுச்சீட்டு வராது. அந்த வரப்பிரசாதத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வான் வாடகை, முழங்கால் பட்டி, கூட நின்ற மகன் இழந்த நாட்கூலி எல்லாம் செலவுதான். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற நோயறி அட்டையையும் கிளினிக் கொப்பியையும் எக்ஸ்ரே படத்தையும் சிலர் வீட்டு முகட்டில் செருகிவைத்து மழையில் நனையவிடுகிறார்கள். வழக்கின் முதுகெலும்பே அவைதான்.

எதிராளிப் பக்கத்துச் சட்டத்தரணி சும்மா இருக்கமாட்டார். முதல் அடி நெல்லின்மேல் விழும். “வீதியில் நெல் போட்டது யார்?” நியாயமான கேள்வி. பழைய காலமாக இருந்தால் இதுவே வழக்கைக் கவிழ்த்திருக்கும். காயப்பட்டவர் பக்கம் கவனயீனம் இருந்தால் முழுத் தொகையையும் இழக்கும் அபாயம் இருந்தது. 1968ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றியது. இப்போது நீதிபதி தவறைப் பங்கிடுவார். நெல் போட்டவரிடம் மூன்றில் ஒரு பங்கு தவறு என்று கண்டால் மூன்றில் ஒரு பங்கு நட்டஈடு குறையும், மீதி வரும். ஆகவே நெல் போட்டதை மறைத்துப் பொய் சொல்வதில் பயனில்லை. பொய் பிடிபட்டால் போவது மூன்றில் ஒன்றல்ல.

இரண்டாவது அடி: “இவருக்கு முன்பே மூட்டுத் தேய்வு இருந்தது.” கவனயீனத்தை நிரூபித்தால் மட்டும் போதாது, இந்த நட்டம் அதனால்தான் வந்தது என்றும் காட்ட வேண்டும். இதை நாட்டுக்கே பாடமாக்கியது பேராசிரியர் பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கு. ஒரு குழந்தையின் மரணத்தில் வைத்தியக் கவனயீனம் என்று கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2001இல் உயர் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையைத் தள்ளியது. கவனயீனத்துக்கும் மரணத்துக்கும் இடையிலான காரணத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றது. முழங்காலில் இதைத் தாண்ட ஒரே வழி, விபத்தன்றே எடுத்த எக்ஸ்ரே. சிலருக்குச் சிரட்டை பிறவியிலேயே இரண்டு துண்டாக, மேல்வெளி மூலையில் ஒரு கோட்டோடு இருக்கும். அதைக் காட்டியும் வாதாடுவார்கள். புது முறிவின் கூர்விளிம்பை வைத்தியர் சாட்சிக்கூட்டில் பிரித்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது விடயம் காயப்பட்டவரின் கையில் இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் மக்கியூ என்ற தொழிலாளிக்கு வேலைத்தளத்தில் கால் காயப்பட்டது. கால் திடீரென்று தளரும் என்று அவருக்கே தெரியும். அப்படியிருந்தும் கைப்பிடியில்லாத செங்குத்தான படியில் இறங்கினார். கால் தளர்ந்தது, விழாமல் இருக்கப் பாய்ந்தார், கணுக்கால் உடைந்தது. 1969இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, முதல் காயத்துக்குக் காசு உண்டு, கணுக்காலுக்கு இல்லை என்றது. கம்பி போட்ட காலோடு ஆறாம் கிழமை வரம்பில் ஏறும் நம் ஆட்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

வென்றாலும் காசு யார் தருவது? மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயம். தீர்ப்புத் தொகையைக் காப்புறுதிக் கம்பனி கட்ட வேண்டுமென்றால், வழக்குப் போடுமுன்னரோ போட்டு 7 நாட்களுக்குள்ளோ கம்பனிக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும். இந்த ஒரு கடிதம் தவறினால், கையில் தீர்ப்பும் எதிரே காசில்லாத சாரதியும்தான் மிச்சம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் வவுனியாவிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம்.

காலக்கெடு 1871ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் 2 வருடம். கோரிக்கை முழுவதையும் ஒரே வழக்கில் கேட்டுவிட வேண்டும். தேய்வு பின்னால் வந்ததென்று இன்னொரு வழக்குப் போட முடியாது. ஆகவே மிக அவசரமும் கூடாது. வைத்தியர் நிரந்தரக் குறை இவ்வளவு என்று எழுதித் தரும்வரை பொறுத்து, இரண்டாம் வருடம் முடியுமுன் போட வேண்டும்.

இந்த 2 வருடத்தைப் பற்றி ஒரு கோபம் எனக்கு உண்டு. 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் அகதி முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முள்வேலிக்குள் இருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. அந்த வருடங்களில் யார் எந்த நீதிமன்றத்துக்குப் போயிருக்க முடியும்? 2016இல் நாடாளுமன்றம் இதை உணர்ந்து, போரால் வழக்காட முடியாமல் போனவர்களுக்குக் காலாவதி விசேட ஏற்பாடுகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. அசையாச் சொத்துக்கு மட்டும். காணியை மீட்கக் கூடுதல் அவகாசம் கிடைத்தது. முழங்காலுக்கு 1871ஆம் ஆண்டுக் கணக்கே நின்றது.

தட்டியது தனியார் வாகனமல்ல, இராணுவ ட்ரக் என்றால்? தலைமன்னார் றெயில் என்றால்? பிரதேச சபை தோண்டி மூடாமல் விட்ட குழி என்றால்? அங்கே வழக்குக்கு முந்திய அறிவித்தல் வேறு. பிரதேச சபை என்றால் இந்த 2 வருடக் கணக்கை நம்பியிருக்கவே கூடாது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)